கம்பெனி ரிம்முக்கு ஒரு அளவு உண்டு

தார், ஜிம்னி, கூர்கா வைத்திருக்கும் நண்பர்களுக்கு,

பொள்ளாச்சியில் டயர் கடையும் வீல் அலைன்மென்ட்டும் வைத்திருப்பவன் எழுதுகிறேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறீர்கள். உங்களில் பலருடைய வண்டிக்கு அடியில் நான் படுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

வண்டி எடுத்த சூட்டோடு சூடாகக் கடைக்கு வருகிறீர்கள். "அண்ணா, ரிம் கம்பெனி ரிம்மே இருக்கட்டுங்க. டயரை மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க, மட்கார்டு நெறஞ்சு நிக்கோணும்" என்கிறீர்கள். அந்த ஆசையில் தப்பே இல்லை. மலைக்குப் போகிற வண்டி மலைக்குப் போகிற வண்டியாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் "எந்த சைஸ் உக்காரும்?" என்று மட்டும் கேட்கிறீர்கள். உட்காருவது எளிது. மெஷினில் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை ஏற்றினால் எவ்வளவோ டயர்கள் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த டயர் அந்த ரிம்மில் சரியாக ஓடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். ஜிம்னியில் கம்பெனி கொடுப்பது 195/80 ஆர் 15. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்று பொருள். அதாவது 156 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் 15 அங்குல ரிம். கூட்டினால் டயரின் முழு உயரம் 693 மி.மீ. உங்களில் பலர் கேட்பது 235/75 ஆர் 15. அதன் உயரம் 733 மி.மீட்டருக்குச் சற்று மேல். 40 மி.மீ. வித்தியாசம்.

இது வரைக்கும் எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள். ரிம்மின் அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் திருப்பினால் வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். ஜிம்னியில் 15 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல அகலம். 235/75 ஆர் 15 டயருக்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும் என்று டயர் கம்பெனிகளே அட்டவணையில் போட்டிருக்கின்றன. 215/75 ஆர் 15 என்றால் ஐந்தரையிலிருந்து 7 அங்குலம் வரை போடலாம். கம்பெனி ரிம்மை வைத்துக்கொண்டு நீங்கள் போகக்கூடிய எல்லை அதுதான். அதன் உயரம் 703 மி.மீ. சொச்சம். பத்து மில்லிமீட்டர்தான் கூடுகிறது என்று முகம் வாடுகிறீர்கள், தெரியும். ஆனால் அந்த ரிம் அதற்கு மேல் தாங்காது.

தாருக்கும் இதே கதைதான். 2020-ல் வந்த தாரில் இரும்பு ரிம் வகைக்கு 245/75 ஆர் 16, அலாய் வகைக்கு 255/65 ஆர் 18. அலாய் வைத்திருக்கிறவர்கள் அதிகமும் ஆசைப்படுவது 285/65 ஆர் 18. அதற்குக் குறைந்தது 8 அங்குல அகல ரிம் வேண்டும். 265/70 ஆர் 18-க்கு 7 அங்குலம் போதும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். உயரம் ஏறத்தாழ ஒன்றே, 828 மி.மீ. அகலத்தில்தான் 20 மி.மீ. வித்தியாசம். உயரம் வேண்டும் என்பவர் ஒல்லியானதை எடுத்தால் கம்பெனி ரிம்முக்கும் பொருந்தும், ஸ்டியரிங் ஒடிக்கும்போது உள்ளே உரசுவதும் குறையும். ஆனால் கடையில் கண் போவது அகலத்தின் மேல்தான்.

ரிம்மை மிஞ்சின டயர் என்ன செய்யும்? சின்ன உறையில் பெரிய தலையணையைத் திணித்தால் நடு எப்படிப் புடைக்குமோ அப்படிப் புடைக்கும். ரோட்டைத் தொடுவது நடுப்பட்டை மட்டும். இருபக்க ஓரமும் தரையில் முழுதாகப் பதியாது. கொஞ்ச நாளில் நடு தேய்ந்து ஓரம் புதுசாகவே நிற்கும். அகலமாக வாங்கின ரப்பரில் பாதிக்குத்தான் வேலை இருக்கும். பக்கச் சுவர் ரிம்மிலிருந்து வெளியே பிதுங்கி நிற்பதால் வளைவில் வண்டி ஒரு நொடி தாமதித்துத் திரும்பும். பெரிய டயர் போட்ட பிறகு "வண்டி மெதக்குற மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு அலைன்மென்ட்டுக்கு வருகிறவர்கள் பலர். அலைன்மென்ட்டில் கோணத்தைத்தான் சரி செய்யலாம். அந்த மிதப்பு அதில் போகாது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அனுமதித்த அளவுக்குள், கொஞ்சம் ஒல்லியான பக்கத்தில் இருக்கும் ரிம் மலைப் பாதைக்கு நல்லதுதான். பக்கச் சுவர் சற்று வெளியே தள்ளி நிற்பதால் ரிம்மின் விளிம்பு பாறையில் அடிபடாது. அனுபவஸ்தர்கள் அதை விரும்பியே செய்வார்கள். நான் சொல்வது அட்டவணையின் எல்லைக்கு வெளியே போவதைப் பற்றி.

உயரம் எதற்கு என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 40 மி.மீ. பெரிய டயர் போட்டால் வண்டி 40 மி.மீ. உயராது. சக்கரத்தின் நடு அச்சு பாதிதான் ஏறும், 20 மி.மீ. அந்த 20 மி.மீட்டருக்கும் மதிப்பு உண்டு என்பதை மறுக்கமாட்டேன். தாரின் பின்னாலும், ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பது கட்டை ஆக்சில். லிஃப்ட் கிட் போட்டால் பாடிதான் உயரும்; நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைப் பாறைக்கு மேலே தூக்குவது டயர் ஒன்றுதான். அதனால்தான் நிஜமாகவே பாறையேறுகிறவர்கள் டயர் உயரத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் வண்டி வருஷத்தில் எத்தனை நாள் அப்படிப்பட்ட பாறையைப் பார்க்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் அது அலுவலகத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பைபாஸிலும் ஓடுகிறது. அந்த நாட்களிலெல்லாம் 20 மில்லிமீட்டருக்கான விலையை வண்டி கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இழுவையும் பிரேக்கும்தான் அந்த விலை. சக்கரத்தின் ஆரம் கூடினால் அதே இஞ்சின் தரையில் தள்ளும் விசை அந்த விகிதத்தில் குறையும். ஜிம்னியில் 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், சுமார் 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. அதற்குப் போய் 6 சதவீதம் பெரிய டயர் போட்டால் மூன்றாம் கியரில் ஏறின மேட்டுக்கு இரண்டாம் கியர் கேட்கும். பிரேக்கிலும் இதே கணக்கு. காலிப்பர் அதேதான், டிஸ்க் அதேதான். டயர் பெரிதானால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடி 6 சதவீதம் குறைவு. இதோடு டயரின் எடையும் சேர்கிறது. கட்டியான பக்கச் சுவர் உள்ள பட்டன் டயர் ஒன்று கம்பெனி டயரைவிடப் பல கிலோ கூடுதல். அந்தக் கனம் சுற்றிக்கொண்டே இருக்கும் கனம், சக்கரத்தின் வெளி ஓரத்தில் இருக்கும் கனம், நிறுத்துவது சிரமம். கொல்லிமலையின் 70 வளைவையும் குடும்பத்தோடு இறங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்பீடோமீட்டரைப் பற்றிச் சுருக்கமாக. 235/75 போட்ட ஜிம்னியில் கணக்குப்படி முள் 100 காட்டினால் வண்டி 105, 106-ல் போகும். மீட்டர் ஒருபோதும் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது வாகனத் தயாரிப்பு விதி. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைப்பார்கள். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது. மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. மீட்டரில் 500 கி.மீ. ஓடியிருந்தால் நிஜத்தில் ஓடியது 529. பெட்ரோலைப் பழைய கணக்கில் வகுத்தால் இருப்பதைவிட மோசமாகத்தான் தெரியும். நிஜமாகக் குறைவதும் உண்டு. ஆனால் திருத்தின கி.மீட்டரில் வகுத்துவிட்டுப் பேசுங்கள்.

இனி உரசல். கடையின் சமதளத் தரையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்துப் பார்த்து, "பாருங்க, எங்கயும் இடிக்கலை" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சோதனையே இல்லை. ஒரு பக்க முன்சக்கரத்தை மேடான கட்டையில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கின நிலையில், நாலு பேரை உள்ளே உட்கார வைத்து, அப்போது ஒடிக்க வேண்டும். இடது, வலது, பிறகு ரிவர்ஸிலும் ஒரு தடவை. ஜிம்னியில் முழுக்க ஒடித்தால் டயரின் உள்பக்கம் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீளமான கையில் போய்த் தேயும். தாரில் உள்மட்கார்டு பிளாஸ்டிக், பம்பரின் கீழ் மூலை. பிளாஸ்டிக் தேய்ந்தால் சத்தம் கேட்கும், வெட்டிவிடலாம், பெரிய நஷ்டமில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு.

ஒரு வண்டி மழைக் காலத்தில் வந்தது. முன்னால் ஏதோ வாடை வருகிறது என்றார்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பிரேக் ஹோஸின் மேல் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று மழித்த மாதிரி ஒரு தடம். கறுப்பு ரப்பர் போய் உள்ளே இருக்கும் நூல் பின்னல் வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் தொட்டால் நூல் பிரிந்தது. பக்கத்தில் ஏ.பி.எஸ். சென்சார் ஒயரின் உறையும் கிழிந்திருந்தது. ஓட்டி வந்தவருக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை, பிரேக் மிதியிலும் மாற்றம் தெரிந்ததில்லை. அந்த வாரம் அவர் வால்பாறை போவதாக இருந்தார். ஆகவே, ஏற்கெனவே பெரிய டயர் போட்டுவிட்டவர்கள் தயவுசெய்து இந்த வாரமே முன்சக்கரம் இரண்டையும் கழற்றச் சொல்லி ஹோஸையும் ஒயரையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் சேறு மறைத்துவிடும். உரசலைத் தவிர்க்க ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் அது கூடுதல் பாரம்.

அடுத்தது ஸ்டெப்னி. நாலு டயர் வாங்கிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறீர்கள். காசு மிச்சம் என்று. சாதாரணக் காராக இருந்தால் பஞ்சர் கடை வரை சமாளிக்கலாம். உங்களுடையது நான்கு சக்கர இழுவை வண்டி. 4எச் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. ஒரு மூலையில் மட்டும் 40 மி.மீ. சின்ன டயர் இருந்தால், அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்ட்டிலும் முறுக்காக ஏறும். பின்னால் லாக் உள்ள தாரில் லாக்கும் பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காட்டில் பஞ்சரானவருக்குத்தான் 4எச் தேவைப்படும். தேவைப்படும் அந்த நேரத்தில் அது உங்களுக்கு இல்லாமல் போகிறது. ஆகவே ஐந்து வாங்குங்கள், அல்லது மாற்றவே வேண்டாம். ஐந்தாவது டயர் பின்கதவில் தொங்கும்போது கீல்களுக்கு எவ்வளவு பாரம், பம்பரில் இடிக்கிறதா, கதவு மேட்டில் தானாகச் சாத்திக்கொள்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

சட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று பிரிவு 182ஏ-யில் வைத்தார்கள். மூணாறு, சூரியநெல்லி பக்கம் போகிறவர்களுக்குக் கேரள அதிகாரிகளின் கண்டிப்பு தெரியும். அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆள் மேல் ஏறி வழக்கான பிறகு இன்சூரன்ஸ்காரர் டயர் அளவைக் குறித்துக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்? ஒரே மாடலின் மேல்வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்கு மாறினால் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை.

சூரியநெல்லி என்றதும் நினைவுக்கு வருகிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை சூரியநெல்லியிலிருந்துதான். 7,000 அடிக்கு மேல், உருண்டைக் கற்களின் மேல், விடியலுக்கு முன்னால் ஏறுகிற பழைய மஹிந்திரா ஜீப்புகளின் டயரைக் குனிந்து பாருங்கள். ஒல்லி டயர்கள்தான். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பும் 6.00-16 என்ற ஒல்லி அளவில்தான் ஓடியது. அந்த ஓட்டுநர்களிடம் இருப்பது லோ கியர், பழகின கால், சரியான காற்று. மலைப் பாதையில் பிடி கொடுப்பவை இந்த மூன்றும், பிறகு டயரின் பட்டன் அமைப்பும். அளவு அதற்கும் பிறகுதான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் எண் கம்பெனி டயருக்கானது. டயரை மாற்றினால் அந்த எண் செல்லாது. எல்.டி. என்று எழுத்து போட்ட கனமான டயர் அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். லோடு எண்ணும் கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது. 111 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 1,090 கிலோ. சரியான காற்றைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். காலையில், டயர் ஆறியிருக்கும்போது, ரோட்டில் படுகிற பட்டையின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டையாகக் கோடு போடுங்கள். வளைவில்லாத தார் ரோட்டில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டி நிறுத்துங்கள். கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்தோ கூட்டியோ மறுபடியும் போடுங்கள். முழுக் கோடும் ஒரே மாதிரி மங்கும் இடம் ஒன்று வரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிம்முக்கு மிஞ்சின டயர் என்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலெல்லாம் ஓரம் அழியாது. ஓரம் அழியும் வரை இறக்கினால் டயர் சூடேறும் அளவுக்குக் காற்று போய்விடும். அளவு தப்பு என்று அந்தக் கோடே உங்களிடம் சொல்லிவிடும்.

பட்டன் டயரா, எல்லாத் தரைக்குமான ஏ.டி. டயரா என்றால், பெரும்பாலானோருக்கு ஏ.டி.தான் என்பேன். முழுப் பட்டன் டயர் சேற்றில் அருமை. நனைந்த தார் ரோட்டில் அதன் கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம், தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நிற்க நேரமாகும். தமிழகத்திலேயே மழை அதிகம் கொட்டும் சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜூன், ஜூலையில் நீங்கள் போகிற ரோடு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கம்பெனி ரிம்மை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்கள், ஜிம்னிக்கு 215/75 ஆர் 15-ஓடு நில்லுங்கள். அலாய் தாருக்கு 265/65 ஆர் 18 கிடைத்தால் அது போதும். கம்பெனி டயரைவிட 13 மி.மீ. உயரம், ஸ்பீடோமீட்டரில் இரண்டு சதவீதம்கூட மாறாது. அதற்கு மேல் 265/70 வேண்டும் என்றால் மேடான கட்டையில் ஏற்றி உரசல் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். எந்த அளவானாலும் அதன் சட்ட நிலையைப் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். இறக்குமதி டயரில் பழைய சரக்கு வருவதுண்டு. போட்ட பிறகு 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். கழற்றின கம்பெனி டயர்களை உடனே விற்றுவிடாதீர்கள். மூடாக்குப் போட்டு வீட்டில் வையுங்கள், எஃப்.சி.க்கும் வேண்டியிருக்கும், மனம் மாறினாலும் வேண்டியிருக்கும்.

ரிம் அகலம் எங்கே பொறித்திருக்கிறது என்று தெரியாதவர்கள் வால்பாறை போகிற வழியில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. என் கடைக்கு வந்தால் அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
டயர் கடைக்காரன்,
பொள்ளாச்சி